கேமராவுக்குத் தெரியாதவை

வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரோடு விரித்துக் கட்டி, திரை முழுவதும் அதுவே தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு அதே இடத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்து, அதுவும் திரையை அடைக்கும்படி இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேட்டி மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். குடையோ வெளுத்து, அதுவும் சாம்பல் பக்கம் நகர்ந்திருக்கும். சில போன்கள் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் விலை உயர்ந்த கேமராவை ஆட்டோவில் வைத்து எடுத்தாலும் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. அது ஓர் அளவுகருவி. தன்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது அதற்கு மிகத் துல்லியமாகத் தெரியும். எதிரே இருப்பது வேட்டியா குடையா, முக்கியமானது முகமா பின்னால் உள்ள சுவரா, காளை நிற்கிறதா பாயப் போகிறதா என்பதெல்லாம் தெரியாது. தெரியாத இடத்தில் அது ஓர் அனுமானம் செய்கிறது. படம் எடுக்கக் கற்பது என்பது, கேமரா எங்கெங்கே அனுமானிக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடங்களில் நாம் முடிவெடுப்பதுதான்.

ஒளியை எண்ணும் சில்லு

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி என்ற சில்லைக் கண்டுபிடித்தார்கள். 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், அந்த வகைச் சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது எடுத்தது 100க்கு 100 என்ற கணக்கில் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. இன்று போன்களிலும் பெரும்பாலான கேமராக்களிலும் இருப்பது சிமாஸ் வகைச் சில்லு. 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸமும் அவருடைய குழுவினரும் அதை இன்றைய வடிவுக்கு வளர்த்தெடுத்தார்கள்.

எந்தச் சில்லானாலும் அடிப்படை ஒன்றுதான். அதன் பரப்பில் நுண்ணிய கட்டங்கள் இருக்கின்றன. 12 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விழும் ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஷட்டர் மூடியதும் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று கேமரா அளந்து ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. அந்த எண்களின் பட்டியல்தான் படம்.

அதில் நிறம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சில்லுக்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும். நிறத்துக்கு வழி கண்டவர் கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர். கட்டங்களின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக மாற்றி மாற்றி வைக்கும் அவருடைய முறைக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. பாதிக் கட்டங்கள் பச்சை. மீதிப் பாதியைச் சிவப்பும் நீலமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒளி வேறுபாட்டை நம் கண் பச்சைப் பகுதியில்தான் நன்றாக உணர்கிறது என்பதால் இந்தப் பங்கீடு. ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு நிறத்தைத்தான் நேரடியாக அளக்கிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுபவை. ஆக, நீங்கள் பார்க்கும் படத்தின் நிறத்தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கேமராவின் அனுமானம்!

இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரிவதற்கும் காரணம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரு கட்டத்தில் சராசரியாக 100 துகள்கள் விழ வேண்டுமென்றால், 10 கூடவோ குறையவோ விழுவது இயல்பு. அதாவது 10 சதவீதத் தடுமாற்றம். 10,000 துகள்கள் விழுந்தால் தடுமாற்றம் 100தான், வெறும் 1 சதவீதம். ஒளி குறைந்தால் புள்ளி கூடும் என்பது இயற்கையின் கணக்கு. எந்த நிறுவனமும் அதை முழுக்கத் தாண்ட முடியாது. முழு அளவுக் கேமராவின் சில்லு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். பெரும்பாலான போன்களின் சில்லு பரப்பில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போன் இருட்டில் திணறுவது அதனால்தான்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏ4 தாளில் தரமாக அச்சிட 9 மெகாபிக்சலே போதும். எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதே முக்கியம்.

சாம்பல் கணக்கு

வேட்டிக்கும் குடைக்கும் திரும்புவோம். உலகத்தில் உள்ள காட்சிகளைச் சராசரி பார்த்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும் என்பது கேமராக்களுக்குள் நெடுங்காலமாக இருக்கும் அனுமானம். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. எதைக் காட்டினாலும் கேமரா அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளையைக் கண்டால் ஒளி அதிகம் என்று குறைக்கும். கறுப்பைக் கண்டால் ஒளி போதாது என்று கூட்டும்.

இதைத் திருத்தும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான்தான் அது. போனில் திரையைத் தொட்டால் பக்கத்தில் சூரியக் குறி வரும். அதை மேலே தள்ளினால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் இருளும். மார்கழிக் காலையில் வாசலை அடைத்துப் போட்ட வெள்ளைக் கோலத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். எண்ணெய்க் காப்பில் மின்னும் கருங்கல் நந்திக்குக் கொஞ்சம் குறையுங்கள். இந்த ஒரு பழக்கமே படங்களில் பாதிக்குறையைத் தீர்த்துவிடும்.

மனிதர்களின் தோல் நிறத்திலும் இதே கணக்கு விளையாடுகிறது. பிலிம் காலத்தில் அச்சு எந்திரங்களை நிறம் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் வெள்ளைத்தோல் பெண் ஒருவரின் படம் கொண்ட அட்டையை ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. பல தோல் நிறங்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. கறுத்த தோல் சாம்பலாகவோ செம்பழுப்பாகவோ அச்சாகி வந்ததற்கு அந்த அளவுகோலும் ஒரு காரணம். 2021இல் பிக்சல் 6 போனோடு கூகுள் கொண்டுவந்த ரியல் டோன் வசதி, இந்தப் பழைய குறையைச் சரிசெய்யும் நோக்கத்தில் செய்யப்பட்டது. நம் ஊர்க் கல்யாணத்தில் வெள்ளைச் சுவர், மின்னும் ஜரிகை, நகை எல்லாம் சேர்ந்து கேமராவை மிரட்டிவிடும். அது ஒளியைக் குறைக்கும், மாநிற முகம் கருகிப்போகும். முகத்தைத் தொட்டு, முகத்துக்காகவே ஒளியை அளக்கச் சொல்வதுதான் மருந்து.

கூட்டும்போது ஓர் எல்லை உண்டு. ஒரு கட்டம் நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே வெறும் வெள்ளைதான் பதிவாகும். 'பர்ன் ஆயிடுச்சு' என்று கல்யாண போட்டோகிராபர்கள் சொல்வது இதைத்தான். இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம். எரிந்த வெள்ளையில் மீட்க ஒன்றும் இருக்காது. ஆகவே சந்தேகம் வந்தால் வெள்ளையைக் காப்பாற்றுங்கள். சில்லு அளந்த எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் மீட்கும் வாய்ப்பு இன்னும் கூடும். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384.

மூன்று பிடிகள்

ஒளியை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை இரண்டு பிடிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது அபர்ச்சர், லென்ஸின் திறப்பு. எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என்று எழுதுவார்கள். இது ஒரு வகுத்தல். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் 12.5. எண் பெரிதாகும்போது திறப்பு சிறுப்பது அதனால்தான். விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும், ஒளியும் அப்படியே. திறப்பு பெரிதாக இருந்தால் முகம் கூர்மையாகவும் பின்புலம் கரைந்தும் தெரியும். கோபுரத்தின் அடி முதல் கலசம் வரை தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 8 பக்கம் போக வேண்டும். பெரும்பாலான போன்களில் திறப்பு மாறாது. போர்ட்ரெய்ட் முறையில் தெரியும் மங்கல் கணினி பூசியது. மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் காற்றில் பறக்கும் முடியையும் பெரிதாக்கிப் பாருங்கள், பூச்சு எங்கே பிசகியது என்று தெரியும்.

இரண்டாவது ஷட்டர் வேகம், ஒளி உள்ளே வரும் நேரம். வாடிவாசலிலிருந்து பாயும் காளையை உறைய வைக்க விநாடியில் 1/1000 வேண்டும். குற்றால அருவியை 1/1000இல் எடுத்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். டிரைபாடில் வைத்து அரை விநாடி எடுத்தால் துளிகள் இழைந்து ஒரே வெண்திரையாகும். இரண்டுமே சரியான படங்கள்தான். எது வேண்டும் என்று கேமரா முடிவெடுக்க முடியாது. கையில் பிடித்து எடுக்கும்போது ஒரு பழைய விதி இன்றும் உதவும்: 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50க்குக் கீழே போகாதீர்கள், 200க்கு 1/200க்குக் கீழே போகாதீர்கள்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. இதைக் கூட்டினால் கேமராவுக்குள் கூடுதல் ஒளி வந்துவிடாது. வந்த ஒளியின் எண்ணைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். தூரத்து வானொலி நிலையத்தைக் கேட்க ஒலியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடுகிறதே, அதே கதை.

மூன்றும் சேரும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பரதநாட்டிய அரங்கேற்றம். ஜதிக்குக் கால்கள் பறக்கும்போது 1/500 வேண்டும். 1/125, எஃப் 2.8 என்று சரியாக இருந்த படத்தை 1/500க்கு மாற்றினால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். அதை ஈடுகட்டத் திறப்பை எஃப் 1.4க்குத் திறக்கலாம். லென்ஸில் அந்த வசதி இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 800இலிருந்து 3200 ஆக்கலாம். முதல் வழியில் ஆடுபவரின் முகத்துக்கும் நீட்டிய கைக்கும் சேர்த்துத் தெளிவு கிடைக்காது. இரண்டாவதில் புள்ளி கூடும். அபிநயத்தில் அசைவு நின்று பார்வை மட்டும் பேசும்போது 1/125 போதும், எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எப்போது கால் நிற்கும், எப்போது கண் பேசும் என்பது நாட்டியம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். பொருளைத் தெரிந்தவர் எடுக்கும் படம் நன்றாக வருவது இதனால்தான்.

ஒளி எந்தப் பக்கம்?

அளவைச் சரிசெய்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். படத்தின் உயிர் ஒளியின் திசையில் இருக்கிறது.

மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. சூரியன் உதித்த சற்று நேரத்தில் ஒளி நேர் எதிரே இருந்து விழும். பாறை முழுக்கப் பொன்னிறமாக இருக்கும், ஆனால் யானைக்கும் பாறைக்கும் வேறுபாடு தெரியாமல் தட்டையாக இருக்கும். நிழலெல்லாம் உருவங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் காரணம். முற்பகல் ஏற ஏற ஒளி பாறையை உரசிக்கொண்டு மேலிருந்து இறங்கும். தவசியின் விலா எலும்பு, யானையின் துதிக்கை மடிப்பு, நாகத்தின் படம் ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய நிழல் விழுந்து உருவங்கள் கல்லைவிட்டு எழும். உச்சி தாண்டினால் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். மாதமும் முக்கியம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சிற்பத்தைப் பார்த்து நிற்பவருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வரும். ஏப்ரல் இறுதியில் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் நிழல் செங்குத்தாக விழும். ஒரே கல்லில் பல சிற்பங்கள் இருக்கின்றன என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடு தெரியும்.

கல்வெட்டுக்கு இது இன்னும் பொருந்தும். ஃபிளாஷ் அடித்து நேரே எடுத்தால் எழுத்து மறைந்து கல் மட்டும் வரும். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டிய ஒவ்வொரு கோட்டிலும் நிழல் தேங்கும், தேய்ந்த எழுத்தும் வாசிக்கும்படி வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி நீண்ட தொடராக்கினார். இன்று நாம் போனை நகர்த்தி எடுக்கும் பனோரமாவின் மூத்த வடிவம் அது. 2001இல் எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் குழுவினரும் இன்னொரு படி மேலே போனார்கள். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளில் வைத்துப் படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒளியை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கும் முறை அது. கிரேக்கத்தின் பழங்கால வானியல் கருவியான ஆன்டிகிதெரா எந்திரத்தில் அரித்துப்போன எழுத்துகளை ஆராயவும் அது பயன்பட்டது.

முகத்துக்கும் இதே இலக்கணம்தான், கொஞ்சம் மென்மையாக. நண்பகல் வெயில் கண்குழியில் நிழலைத் தேக்கும். ஆளை ஜன்னலோரத்தில், ஒளி ஒரு கன்னத்தில் விழும்படி அமர்த்துங்கள். ஜன்னல் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். மறுபக்கம் அதிகம் இருண்டால் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தாலே போதும்.

தூரமும் முகத்தை மாற்றும். போனை 30 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்கு நுனி 30இலும், காது ஏறத்தாழ 42 சென்டிமீட்டரிலும் இருக்கும். மூக்கு 40 சதவீதம் பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு 6 சதவீதம்தான். பின்னால் போய், போனில் இரண்டு மடங்கு லென்ஸைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். மூக்கு தன் அளவுக்குத் திரும்பும்.

நிறமும் துடிப்பும்

அகல்விளக்கின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2,700, நண்பகல் வெயில் 5,500, மரநிழல் 7,000க்கு மேல். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நம் மூளை இதைத் தானே சரிசெய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. கேமரா ஒயிட் பேலன்ஸ் என்ற பெயரில் அனுமானிக்கிறது. கார்த்திகை தீபத்தின் மஞ்சளை 'குறை' என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். அப்போது வெயில் குறியில் நிறுத்திவிட்டால் விளக்கின் பொன்னிறம் நிலைக்கும்.

எல்இடி விளக்கின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரக்குறைவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. சில்லோ படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிசை கறுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

போன் செய்யும் வேலை

போன் தன் சின்னச் சில்லின் குறையைக் கணக்கால் ஈடுகட்டுகிறது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து, அசைவைப் பொருத்தி ஒன்றாக்குகிறது. 9 படங்களைச் சராசரி எடுத்தால் புள்ளிகளின் தடுமாற்றம் மூன்றில் ஒன்றாகும். 2018இல் கூகுளின் நைட் சைட் வந்த பிறகு இருட்டுப் படங்கள் தேறியது இந்த வழியில்தான். அசையும் பொருளில் மட்டும் அது திணறும். குழந்தை ஓடினால் இரவு முறையை அணைத்துவிட்டு, ஆளை ஒளிக்கு அருகே கூப்பிடுங்கள். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். விரல் எண்ணெய் படிந்த கண்ணாடியை எந்தக் கணக்கும் சரிசெய்யாது.

கற்பதற்கு ஆசிரியர் படத்துக்குள்ளேயே இருக்கிறார். பிலிம் காலத்தில் எந்த வேகம், எந்தத் திறப்பு என்று நோட்டில் குறித்து வைத்தால்தான் தவறு எங்கே என்று பிறகு தெரியும். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன் ஷட்டர் வேகத்தையும் திறப்பையும் ஐஎஸ்ஓவையும் எடுத்த நேரத்தையும் தன்னோடு எழுதி வைத்திருக்கிறது. கேலரியில் படத்தின் 'விவரங்கள்' பகுதியைத் திறந்தால் போதும். ஆடிப்போன படத்தில் 1/15 என்று இருந்தால் அது கையின் குற்றம். புள்ளி மண்டிய படத்தில் ஐஎஸ்ஓ 6400 என்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. கண்குழி இருண்ட முகப்படத்தில் நேரம் பகல் 12 என்று இருந்தால் அடுத்த முறை காலையில் போக வேண்டும். நன்றாக வராத படங்களை உடனே அழித்துவிடாமல், இப்படி ஒருமுறை விசாரித்துவிட்டு அழியுங்கள்.